ஸ்காட்ஸ்பரோவின் ஒன்பது பேர்

ஒரு தேசத்தின் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கும் உரிமைக்கும், அத்தேசத்தின் சிற்றூர் ஒன்றிலுள்ள நியாயஸ்தலத்தில் கைவிலங்குடன் நிற்கும் ஏழையின் கைக்கு எட்டும் உரிமைக்கும் இடையே எத்தனை தூரம் உண்டு என்பதை அறிய விரும்புகிறவர், அமெரிக்காவின் தென் ராஜ்யங்களுள் ஒன்றான அலபாமாவில் 1931-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்காட்ஸ்பரோ வழக்கின் சரித்திரத்தை ஒருமுறை படித்தால் போதும். குற்றஞ்சாட்டப்பட்டவன் வக்கீலின் துணையைப் பெறலாம் என்று 1791-லேயே அந்நாட்டு அரசியல் சாசனத்தின் ஆறாவது திருத்தம் விதித்திருந்தது. முறையான சட்ட நடவடிக்கையின்றி ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ எந்த ராஜ்யமும் பறிக்கலாகாது என்று, அடிமை முறை ஒழிந்த பின்னர் 1868-இல், பதினான்காவது திருத்தம் கூறியிருந்தது. இவ்விரு வாக்குறுதிகளும் அலபாமாவின் கோர்ட்டுகளுக்குள் நுழைவதற்கு ஒன்பது கறுப்பின வாலிபர்கள் தங்கள் இளமையை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய அந்நாட்களில், வேலை தேடிச் சரக்கு ரயில்களில் டிக்கெட்டின்றித் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைவது ஏழை வாலிபர்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. 1931 மார்ச் 25-ஆம் தேதி, சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிச் சென்ற அத்தகைய ரயிலொன்றில் வெள்ளை வாலிபர்களுக்கும் கறுப்பு வாலிபர்களுக்கும் கைகலப்பு மூண்டது. தோற்றுக் கீழே தள்ளப்பட்ட வெள்ளையர் அருகிலிருந்த ஸ்டேஷனில் சென்று முறையிட்டனர். பெயிண்ட் ராக் என்னும் ஊரில் துப்பாக்கி ஏந்திய கூட்டமொன்று ரயிலை மறித்து, வெவ்வேறு பெட்டிகளிலிருந்து ஒன்பது பேரை இறக்கியது. நால்வர் சட்டனூகாவிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். ஏனையோர் ஜார்ஜியாவைச் சேர்ந்தவர்கள். ஒருவன் கண்பார்வை மிகக் குன்றியவன். மற்றொருவன் நோயினால் தடியூன்றி நடந்தவன். அனைவரிலும் இளையவனுக்குப் பதின்மூன்று வயதுக்கு மேல் இராது. அதே ரயிலில் வந்த விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ் என்ற இரண்டு வெள்ளைப் பெண்கள், ஹன்ட்ஸ்வில் பஞ்சாலைகளில் கூலி வேலை செய்தவர்கள், தங்களை அக்கறுப்பர்கள் பலாத்காரம் செய்தனர் என்று கூறிய மாத்திரத்தில், அடிதடி வழக்கு உயிர் வழக்காக மாறிவிட்டது. அக்குற்றத்திற்கு அந்நாளில் அலபாமாவில் மரண தண்டனை விதிக்க இடமிருந்தது.

பன்னிரண்டே நாட்களில் ஸ்காட்ஸ்பரோவில் விசாரணை தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கோர்ட்டைச் சூழ்ந்து நிற்க, ராணுவ வீரர்கள் துப்பாக்கியுடன் காவல் புரிந்தனர். கைதிகளுக்கு வக்கீல் யார் என்று கேட்டபோது, ஊரிலுள்ள வக்கீல்கள் எல்லோரையும் தாம் முன்னரே நியமித்துவிட்டதாக நீதிபதி ஹாகின்ஸ் கூறினார். எல்லோருடைய பொறுப்பு எவருடைய பொறுப்புமாகவில்லை. சட்டனூகாவிலிருந்து வந்த ஸ்டீபன் ராடி என்பவர், தாம் முறைப்படி அமர்த்தப்பட்டவரல்லர் என்றும், வழக்கைப் படித்துத் தயார் செய்ய அவகாசமில்லை என்றும், அலபாமாவின் விசாரணை முறை தமக்குப் பழக்கமில்லை என்றும் வெளிப்படையாகவே சொன்னார். உள்ளூர் முதியவரான மைலோ மூடி துணைக்கு நிற்க இசைந்தார். இந்த ஏற்பாட்டின் பேரில், நான்கு நாட்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறுவனான ராய் ரைட்டுக்கு ஆயுள் தண்டனை போதும் என்று சர்க்கார் தரப்பே கேட்டிருந்தும், ஜூரிகளிற் பலர் மரணத்தையே வற்புறுத்தியதால் அவன் விசாரணை மட்டும் முடிவின்றி நின்றது.

கம்யூனிஸ்டுகளின் சார்புள்ள சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு ஸ்தாபனம் வழக்கை மேற்கொண்டது. கைதிகளுள் இருவரான ராய், ஆண்டி ரைட் சகோதரர்களின் தாய் ஏடா ரைட் ஐரோப்பிய நகரங்கள் தோறும் சென்று தம் மக்களுக்காக மன்றாடினார். 1932 நவம்பர் 7-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அத்தண்டனைகளை ரத்துச் செய்தது. கல்வியும் அறிவும் உள்ளவனே வக்கீலின்றித் தன் வழக்கை நடத்த இயலாதென்றால், எழுத்தறிவற்ற ஏழைகள் என் செய்வார்கள் என்று வினவிய நீதிபதி ஸதர்லண்ட், மரண தண்டனைக்குரிய வழக்கில் இத்தகையோருக்கு உண்மையாகப் பயன்படும் வக்கீலை நியமிப்பது கோர்ட்டின் கடமை என்று தீர்ப்பளித்தார். ஆயினும் அவர்கள் குற்றவாளிகளா, நிரபராதிகளா என்ற வினாவை சுப்ரீம் கோர்ட் எடுத்துக்கொள்ளவில்லை. அது கேட்டதெல்லாம் விசாரணை முறைப்படி நடந்ததா என்பதே. ஆகவே வாலிபர்கள் விடுதலை பெறவில்லை. மறு விசாரணைதான் பெற்றார்கள்.

அம்மறு விசாரணை 1933 வசந்தத்தில் டிகேட்டர் நகரில் நடந்தது. இம்முறை நியூயார்க்கின் புகழ்பெற்ற வக்கீல் சாமுவேல் லீபோவிட்ஸ் வாதாடினார். ரூபி பேட்ஸே சாட்சிக் கூண்டில் ஏறி, தாங்கள் முன்பு சொன்னது பொய் என்று கூறினாள். அப்படியிருந்தும், நியூயார்க் யூதரின் பணத்துக்கு அலபாமாவின் நியாயம் விலைபோகாது என்று காட்டுமாறு சர்க்கார் தரப்பு வக்கீல் ஒருவர் ஜூரியைத் தூண்ட, வெள்ளையர் பன்னிருவர் அடங்கிய அந்த ஜூரி, ஒன்பது பேரில் ஒருவனான ஹேவுட் பாட்டர்சனுக்கு மீண்டும் மரணத்தையே விதித்தது. அத்தீர்ப்பை நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் ஜூன் 22-ஆம் தேதி தள்ளிவிட்டார். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அப்பெண்களைப் பரிசோதித்த டாக்டர், அவர்களிடம் பதற்றத்தையோ, கூரிய ஜல்லியின்மேல் கிடத்தப்பட்டவர்களுக்கு இருந்தே தீரவேண்டிய காயங்களையோ காணவில்லை என்பதையும், பட்டப்பகலில் மேற்கூரையற்ற சரக்குப் பெட்டியில் அக்குற்றம் நடந்திருக்கக் கூடுமா என்பதையும் அவர் ஒவ்வொன்றாக எடைபோட்டு, விக்டோரியா பிரைஸின் சாட்சியம் நம்பத்தக்கதன்று என முடிவு கூறினார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அலபாமா வாக்காளர்கள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினர்.

வழக்கு வேறொரு நீதிபதியிடம் சென்று, பாட்டர்சனும் கிளாரன்ஸ் நாரிஸும் மறுபடியும் மரண தண்டனை பெற்றனர். ஆனால் அவ்விசாரணையில் லீபோவிட்ஸ், ஸ்காட்ஸ்பரோ அடங்கிய ஜாக்சன் கவுண்டியின் ஜூரிப் பதிவேட்டை வரவழைத்திருந்தார். அந்தக் கவுண்டியில் கறுப்பர் ஒருவர் ஜூரியாக அமர்ந்ததை முதியவர்கள்கூட நினைவுகூர இயலாதிருக்க, பதிவேட்டில் மட்டும் கறுப்பர் அறுவரின் பெயர்கள் காணப்பட்டன. பழைய ஜாபிதா முடிந்த இடங்களில் குமாஸ்தா கோடு கிழித்திருந்தார். அவ்வறுவரின் பெயர்களோ அக்கோடுகளின் மீது ஏறி நின்றன. ஆகவே அவை பின்னால் செருகப்பட்டவை என்று கையெழுத்து நிபுணர் சாட்சி சொன்னார். சுப்ரீம் கோர்ட்டில் லீபோவிட்ஸ் அப்புத்தகத்தையே முன்வைக்க, பிரதம நீதிபதி ஹியூஸும் மற்ற நீதிபதிகளும் பூதக்கண்ணாடியின் உதவியால் அப்பக்கங்களைத் தாமே பார்த்தனர். 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி, கறுப்பரை ஜூரியிலிருந்து விலக்கிவைத்து நடத்தப்பட்ட விசாரணை செல்லாது என்ற தீர்ப்பு வெளிவந்தது.

இரண்டு முறை நாட்டின் உச்ச நியாயஸ்தலத்தில் வென்றவர்களுக்குக் கிடைத்த பலன் என்ன? 1937-இல் சர்க்கார் நால்வர்மீதிருந்த வழக்கைக் கைவிட்டது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த அவர்கள் வெளியே வந்தார்கள். ஏனைய ஐவரில் நாரிஸுக்கு மரணம், ஆண்டி ரைட்டுக்கு 99 ஆண்டு, பாட்டர்சனுக்கும் வீம்ஸுக்கும் தலைக்கு 75 ஆண்டு. காவல் அதிகாரியைக் கத்தியால் தாக்கிய குற்றத்திற்காகப் பவலுக்கு 20 ஆண்டு. ஒரே ரயில், ஒரே பகல், ஒரே சாட்சியின் வாய்மொழி. அது நால்வர் விஷயத்தில் நம்பத்தகாததென்றால் மற்றவர் விஷயத்தில் மட்டும் எவ்வாறு நம்பத்தக்கதாயிற்று என்பதற்கு அலபாமா விடை கூறவில்லை. நாரிஸின் மரண தண்டனையைக் கவர்னர் மறு ஆண்டு ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். கடைசியாக ஆண்டி ரைட் சிறையை விட்டு வந்தபோது ஆண்டு 1950.

முன்னர் கிடைத்த வக்கீல் உரிமையும் உயிர் வழக்குகளோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, வக்கீல் கேட்டு மறுக்கப்பட்டு, சிறையிலிருந்து பென்சிலால் எழுதியனுப்பிய விண்ணப்பத்தின் பேரில்தான், 1963-இல் அவ்வுரிமை ஏனைய பெருங்குற்ற வழக்குகளுக்கும் விரிந்தது. வக்கீலுடன் மறு விசாரணைக்கு நின்ற கிடியன் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். அதே மனிதர், அதே குற்றச்சாட்டு. வக்கீல் ஒருவர் பக்கத்தில் நின்றதே வித்தியாசம்.

ஸ்காட்ஸ்பரோவின் சரித்திரத்தில் எத்தனையோ நீதிபதிகளும் ஜூரிகளும் வந்துபோகின்றனர். அவர்களுள் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் முறையைத் திருத்தினார்கள். அத்திருத்தத்தால் பின்வந்த லட்சக்கணக்கானோர் நன்மையடைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடந்ததாகச் சொல்லப்பட்டது உண்மையா என்று சாட்சியத்தை நேர்மையோடு எடைபோட்டு அதற்கேற்பத் தீர்ப்பளித்தவர் ஹார்ட்டன் ஒருவரே. அவருக்குக் கிடைத்த பரிசு பதவியிழப்பு. முறை பிசகாத விசாரணையிலும் நிரபராதி தண்டிக்கப்படலாம். அப்பிழையைக் கண்டு நிறுத்தும் துணிவுள்ளவரைப் பாதுகாக்காத நியாய அமைப்பு எத்தனை நுட்பமான விதிகளைக் கொண்டிருப்பினும் குறையுடையதே. நாரிஸுக்கு 1976-இல் அலபாமா மன்னிப்பு வழங்கிற்று. பாட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் ஆகிய மூவருக்கும் அம்மன்னிப்பு வந்தது 2013 நவம்பரில்; அப்போது அவ்வொன்பது பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.