முக்கோணச் சோதனை

முக்கோணச் சோதனை என்பது இரு உணவுப் பொருட்களிடையே புலன்களால் உணரத்தக்க வேறுபாடு உள்ளதா என்பதை அறியப் பயன்படும் புலனுணர்வு மதிப்பீட்டு முறைகளுள் ஒன்றாகும். 1940களில் டென்மார்க்கின் கார்ல்சுபெர்க் பியர் ஆலையில் இது பயன்படுத்தப்பட்டது. ஐஎஸ்ஓ 4120 இதற்கான பன்னாட்டுச் சீர்தரமாகும்.

மதிப்பீட்டாளர் ஒவ்வொருவருக்கும் மூவிலக்கக் குறியெண் இடப்பட்ட மூன்று மாதிரிகள் தரப்படும். அவற்றுள் இரண்டு ஒரே பொருளாகவும் ஒன்று வேறாகவும் இருக்கும். வேறானதை அவர் சுட்ட வேண்டும். தெரியாவிடில் ஊகித்தேனும் ஒன்றைக் கூற வேண்டும். நிற வேறுபாட்டை மறைக்கச் செந்நிற ஒளி பயன்படுத்தப்படுவதுண்டு.

ஊகத்தால் மட்டுமே சராசரியாக மூவரில் ஒருவரது விடை சரியாக அமையும். எனவே 30 பேரில் குறைந்தது 15 பேர் சரியாகச் சுட்டினாலே வேறுபாடு உண்டெனக் கொள்வர். ஊகத்தால் இவ்வாறு நேரும் வாய்ப்பு 5 விழுக்காட்டிற்கும் குறைவு.

இச்சோதனை எது விரும்பத்தக்கது என்பதைக் கூறாது. மேலும், விலை குறைந்த மூலப்பொருளுக்கு மாறும் நிறுவனம், 14 பேரே சரியாகச் சுட்டினர் என்பதால் சுவை மாறவில்லை என முடிவு செய்தல் தவறாகும். வேறுபாடு நிறுவப்படாமை ஒப்புமைக்குச் சான்றன்று. ஒப்புமையை நிறுவ மேலும் பல மதிப்பீட்டாளர்கள் தேவை.