ஆட்டு மூளையும் பதினாலு ஊசியும்

சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர்களிடம் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகத் தொப்புளுக்குப் போகும். சுற்றிப் பதினாலு ஊசி! கடித்த நாயைக்கூட மன்னித்துவிடுவார்கள். அந்த ஊசியை மாட்டார்கள்.

வலி மட்டும் என்றால் பரவாயில்லை.

1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையனுக்குப் போட்டது முயலின் காய்ந்த தண்டுவடத்தில் தயாரித்த மருந்து. பையன் பிழைத்தான். ரேபிஸ் கிருமி குடியிருப்பது நரம்பில். எனவே மருந்தையும் அங்கிருந்தே எடுத்தார்கள். 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்கிற ராணுவ டாக்டர், கிருமியைக் கார்பாலிக் அமிலத்தில் சாகடித்துப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தெற்கே நமக்கு 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம். ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து, அந்த மூளையையே அரைத்து ஊசியில் ஏற்றினார்கள். உள்ளே போனதில் கிருமி கொஞ்சம், மூளைதான் ஜாஸ்தி.

விபரீதம் அங்கேதான். ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் கால் மரத்துப்போனது. சிறுநீர் நின்றது. சிலர் செத்தே போனார்கள். கடித்த நாய்க்கு வெறியே இல்லை என்றால் அந்த உயிருக்கு யார் பதில் சொல்வது? 'நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க, நல்லா இருந்தா ஊசியை நிறுத்திடலாம்' என்று டாக்டர்கள் சொன்னதற்குப் பின்னால் இந்தப் பயமும் இருந்தது.

குற்றவாளி யார்? சரியாகச் சாகாத கிருமியா? 1933-ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ், கிருமியே இல்லாத வெறும் முயல் மூளைக் கரைசலைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டார். சில குரங்குகளுக்குக் கால் விழுந்தது. விஷயம் பின்னால்தான் முழுசாகப் புரிந்தது. வெளியிலிருந்து வந்த மூளையை எதிரி என்று கற்றுக்கொண்ட உடம்பு, அதே ஜாடையில் இருக்கும் சொந்த நரம்பின் மேலுறையையும் குதறுகிறது. மயலின் என்று பெயர். மின்சார ஒயருக்கு மேலே ரப்பர் இருக்கிறதே, அது மாதிரி.

அதுவரை நரம்பு டாக்டர் ஒரு தெரு, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரர் வேறு தெரு. இரண்டும் சந்தித்த முனையில் நியூரோ இம்யூனாலஜி என்று ஒரு படிப்பே வளர்ந்தது. இன்று உலகெங்கும் அதில் பிஎச்.டி.க்குச் சேரும் பிள்ளைகள் பலர் எலிக்கு மயலின் புரதம் ஏற்றிப் பழகுகிறார்கள். ரிவர்ஸின் அதே குரங்கு வேலைதான்! மல்ட்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்கிற நரம்பு நோய்க்கு இருக்கும் மருந்துகளில் சில, அந்த எலிகள் கொடுத்தவை.

சரி, நம் ஊரில்? ஆட்டு மூளை சேராத, செல் வளர்ப்பில் தயாரான மருந்து எண்பதுகளிலேயே வந்துவிட்டது. ஆனால் விலை! காசு உள்ளவர் கையில் ஐந்து ஊசியோடு எழுந்து போனார். தோட்ட வேலைக்காரர் அரசு ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். ரிவர்ஸ் குரங்குகளுக்கு ஊசி போட்டு எழுபத்தோரு வருஷம் கழித்து, 2004 டிசம்பரில்தான் இந்தியாவில் ஆட்டு மூளை மருந்துத் தயாரிப்பை நிறுத்தினார்கள்.