மலாஞ்ச்கண்ட் செம்புப் படிவு: குவார்ட்ஸில் சிறைப்பட்ட துளிகள் எதற்குச் சாட்சி?

மலாஞ்ச்கண்ட் போர்ஃபிரி வகைச் செம்புப் படிவு அல்ல என்று வாதிடும் ஆய்வு மரபு ஒன்று உண்டு. குவார்ட்ஸ் ரீஃபில் அளக்கப்பட்ட தாழ்ந்த வெப்பநிலையே அதன் முதன்மைச் சான்று. குவார்ட்ஸ் படிகங்களுக்குள் சிறைப்பட்ட பாய்மத் துளிகளைச் சூடேற்றியபோது, அவற்றில் பெரும்பாலானவை 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே ஒருபடித்தாயின. உவர்ப்பும் மிதமாகவே இருந்தது. சிலியிலும் அரிசோனாவிலும் உள்ள போர்ஃபிரிகளின் அடையாளமாகக் கருதப்படும், உப்புப் படிகம் மிதக்கும் செறிந்த உவர்நீர்த் துளிகள் அந்த ஆய்வுகளில் தென்படவில்லை. ஆகவே, தாதுவைக் கொணர்ந்தது தாழ்வெப்பப் பாய்மம் என்றும், மலாஞ்ச்கண்ட் கிரானைட்டைச் சார்ந்த ஒரு நாளப் படிவு மட்டுமே என்றும் முடிவு செய்யப்பட்டது.

அளவீடுகளின் மீது எனக்கு ஐயமில்லை. அவை எந்த நிகழ்வின் வெப்பநிலை என்பதில்தான் வேறுபடுகிறேன். நான் இருந்து எழுதும் கூத்தாநல்லூரைச் சுற்றிக் காவிரி வண்டலுக்கு மேலே தலைகாட்டும் கடும்பாறை ஏதும் கிடையாது. இங்கிருந்து நான் முன்வைப்பது புதிய அளவீடு அன்று, அச்சேறிய சான்றுகளின் மறுவாசிப்பு.

முதலில் அழுத்தம். ஒருபடித்தாகும் வெப்பநிலை என்பது துளி சிறைப்பட்ட வெப்பநிலையின் கீழ் எல்லை. பாய்மம் கொதித்துக்கொண்டிருந்தபோது சிறைப்பட்டிருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். மலாஞ்ச்கண்டில் கொதிப்புக்கு வலுவான சான்று இல்லை என்று அதே ஆய்வு மரபே சொல்கிறது. செறிந்த உவர்நீர் இல்லை என்பதும் அந்த வாதத்தின் ஒரு பகுதிதான். அப்படியானால் அழுத்தத் திருத்தம் கட்டாயம். ஏழு கிலோமீட்டர் ஆழம், அதாவது ஏறக்குறைய இரண்டு கிலோபார் அழுத்தம் என்று கொண்டால், ஒவ்வோர் அளவீட்டின் மீதும் நூறு டிகிரிக்கு மேல் கூடும். கொதிக்கவில்லை என்றும் சொல்லி, திருத்தாத எண்ணை உண்மை வெப்பநிலையாகவும் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது காரணம் இதைவிடக் கனமானது என்பது என் எண்ணம். மலாஞ்ச்கண்ட் கிரானிட்டாய்டின் மேல் சில்பி தொகுதிப் படிவுப் பாறைகள் இசைவின்மையுடன் அமர்ந்திருக்கின்றன. கிரானிட்டாய்டு மேலெழுந்து, அரிக்கப்பட்டு, அதன் மேல் மணலும் சேறும் படிந்த பிறகு, அந்தப் படிவுகளும் மடிப்புற்றுப் பசுஞ்சிஸ்ட் படிநிலை வரை உருமாறின. மேலே இருந்த பாறை 300 டிகிரியை நெருங்கியோ கடந்தோ வெந்திருக்கிறது என்றால், கீழே இருந்த ரீஃப் மட்டும் குளிர்ந்து கிடந்திருக்க வழியில்லை. அந்த வெப்பத்தில் திரிபுறும் குவார்ட்ஸ் மறுபடிகமாகும். பழைய துளிகள் கசியும், உடையும். ஆறிய விரிசல்களின் வழியே புதிய துளிகள் வரிசையாகச் சிறைப்படும். பித்தளை அண்டாவுக்குக் கடைசியாக ஈயம் பூசிய ஆண்டை வைத்து அண்டா வார்த்த ஆண்டைச் சொல்ல முடியாது.

திருத்திய வெப்பநிலைகள் ஏறக்குறைய பசுஞ்சிஸ்ட் வரம்பிலேயே விழுகின்றன. அவை உருமாற்றத்தின் பதிவு என்பதற்கு இது நிரூபணமாகாது. தாதுப் பாய்மமே அந்த வெப்பத்தில் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டில் எது சரியானாலும் தாழ்வெப்ப வாதம் நிற்பதில்லை.

செறிந்த உவர்நீர் இல்லையே என்பார்கள். அமெரிக்காவின் மான்டானாவில் உள்ள பியூட் படிவைப் பாருங்கள். அங்கே ஆழத்தில் உருவான தொடக்கநிலை நாளங்களைக் கொணர்ந்தது உவர்ப்புக் குறைந்த, கரியமில வாயு கலந்த, ஒரே நிலையிலிருந்த பாய்மம். அது போர்ஃபிரி என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆழம் கூடினால் பாய்மம் இரண்டாகப் பிரியாது, பிரியாவிட்டால் உவர்நீரும் செறியாது. மலாஞ்ச்கண்ட் அரிப்பினால் வெகு ஆழம் வரை வெட்டுண்ட படிவு என்று கொண்டால், அந்தத் துளிகள் இல்லாமையே எதிர்பார்க்கத்தக்கது.

குவார்ட்ஸைவிட உறுதியான சாட்சி மாலிப்டினைட். அதிலுள்ள ரீனியம்–ஆஸ்மியம் கடிகாரம் பிந்தைய உருமாற்றத்துக்கு எளிதில் அசையாது. அது தரும் வயது ஏறக்குறைய 249 கோடி ஆண்டு. கிரானிட்டாய்டின் சிர்கான் யுரேனியம்–ஈய முறையில் ஏறக்குறைய 248 கோடி ஆண்டு தருகிறது. தாது தன்னைத் தாங்கும் பாறையைவிட மூத்ததாகத் தோன்றுவது ஒரு நெருடல்தான். ஆனால் ரீனியத்தின் சிதைவு மாறிலியில் உள்ள 0.3 சதவீத ஐயப்பாடு மட்டுமே இந்த வயதில் ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்குச் சமம். சிர்கான் அளவீட்டின் பிழை வரம்பையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மாலிப்டினைட்டில் ரீனியம் சில நூறு பிபிஎம் அளவுக்கு இருப்பதும் கவனத்துக்குரியது. மேலோட்டுப் பாறை மட்டும் உருகிப் பிறந்த கிரானைட்டுகளில் அவ்வளவு ரீனியம் பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஒரே காலத்தில் பிறந்ததாலேயே போர்ஃபிரி ஆகிவிடாது என்பதை ஏற்கிறேன். ரீஃபின் வடிவம் உண்மையிலேயே இடறுகிறது: வில்போல் வளைந்து, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீண்டு, கிழக்கே செங்குத்தாய்ச் சாயும் ஒற்றைக் குவார்ட்ஸ் உடல். தாதுவின் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. எனினும் இருபுறமும் உள்ள கிரானிட்டாய்டில் சால்கோபைரைட்டும் பைரைட்டும் நுண்ணிய நாளங்களாகவும் தூவலாகவும் பரவியுள்ளன. இளஞ்சிவப்புப் பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரும் செரிசைட்டும் குளோரைட்டும் உடன்வருகின்றன. வலைப்பின்னலாகப் பிளக்க வேண்டிய பாறை ஒருதிசை இழுவையில் ஒரே பட்டையாகப் பிளந்திருக்கிறது என்பதே என் வாசிப்பு. இவ்வளவு பழைய போர்ஃபிரி இருக்க முடியாது என்ற எதிர்ப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஸ்வீடனின் ஐட்டிக்கும் நமீபியாவின் ஹைபும் ஏறக்குறைய 190 கோடி ஆண்டு வயதுடையவை. கந்தகத்தின் ஐசோடோப்பு டெல்டா மதிப்பு சுழியை ஒட்டியிருப்பது இரு தரப்புக்கும் பொருந்துவதால் அதை இங்கே எடைபோடவில்லை.

1982 முதல் திறந்தவெளிச் சுரங்கமாக இயங்கிவந்த இந்தப் படிவில் இந்துஸ்தான் காப்பர் நிறுவனம் இப்போது குழிக்குக் கீழே நிலத்தடிச் சுரங்கமாக இறங்குகிறது. ரீஃப் மட்டுமே தாது என்று கொண்டால், துளையிட்டு எடுத்த கோர் மாதிரிகளில் ரீஃபுக்கு வெளியே உள்ள கிரானிட்டாய்டு கழிவாகவே கணக்கில் சேரும். போர்ஃபிரி என்று கொண்டால், அந்தப் பகுதியிலும் செம்பும் மாலிப்டினமும் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். செம்புக்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாட்டில் இந்த வேறுபாட்டைத் தீர்க்காமல் விடலாகாது.

தீர்க்கும் வழி ரீஃபில் இல்லை. ரீஃபுக்கு வெளியே, திரிபு குறைந்த கிரானிட்டாய்டில், மாலிப்டினைட்டைத் தாங்கும் நுண்ணாளங்களின் குவார்ட்ஸை எடுக்க வேண்டும். கேதோடு ஒளிர்வில் அதன் வளர்ச்சி வளையங்களைப் பிரித்து, முதல் வளையத்தில் டைட்டானிய அளவையும் துளிகளையும் ஒருசேர அளக்க வேண்டும். அங்கேயும், அழுத்தத் திருத்தத்துக்குப் பிறகும், 350 டிகிரிக்குக் குறைவாகவே வந்தால் இக்கட்டுரையின் வாதம் விழும்.