தி குயின் இஸ் டெட் (இசை ஆல்பம்)

மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் குழு 1986 ஜூனில் ரஃப் டிரேட் நிறுவனம் வழியே வெளியிட்ட மூன்றாவது ஸ்டுடியோ ஆல்பம். பிரிட்டிஷ் தரவரிசையில் 2-ஆம் இடத்தைத் தொட்டது. பாடகர் மோரிசியும் கிதார் கலைஞர் ஜானி மாரும் தயாரித்தனர். ஒலிப்பொறியாளர் ஸ்டீபன் ஸ்ட்ரீட். அட்டைப்படத்தில் இருப்பவர் பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன்.

குழுவின் உச்சம் இதுதானா என்ற வாதம் ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. 2013-இல் என்எம்இ இதழ் தன் 500 ஆல்பங்களின் பட்டியலில் இதற்கே முதலிடம் தந்தது. மறுதரப்பினர் 1987-இன் ‘ஸ்ட்ரேஞ்ச்வேஸ், ஹியர் வீ கம்’ ஆல்பத்தை முன்வைக்கின்றனர். மோரிசி, மார் இருவருமே அதைத்தான் தங்கள் சிறந்த படைப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

‘ஃபிராங்க்லி, மிஸ்டர் ஷாங்க்லி’, ‘விகார் இன் எ டுட்டு’ ஆகிய இரண்டு நையாண்டிப் பாடல்களும் வெறும் இட்டுநிரப்பல் என்பது பழைய குற்றச்சாட்டு. இது வரிசையைக் கவனிக்காத தீர்ப்பு. முன்னதைத் தொடர்ந்து ‘ஐ நோ இட்ஸ் ஓவர்’ வருகிறது. பின்னதைத் தொடர்ந்து ‘தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்’. சிரிப்பு அடங்குமுன் துயரம் தொடங்குவதால்தான் அது அத்தனை ஆழமாக இறங்குகிறது. ‘தேர் இஸ் எ லைட்’ பாடலில் ஒலிக்கும் வயலின்கள்கூட நிஜமானவை அல்ல, எமுலேட்டர் கருவியில் மார் வாசித்தவை; அழகு அதனால் துளியும் குறையவில்லை.

தொடக்கத்திலேயே ஒலி தேய்ந்து மீண்டும் எழும் இறுதிப் பாடலில் மாரின் கிதாருக்கு ஈடாக வரிகள் இல்லை என்ற குறை மட்டும் நியாயமானது.