வட அயர்லாந்துப் பகைவர்களின் பயணங்கள்

வட அயர்லாந்தில் 1960களின் இறுதியில் தொடங்கி முப்பது ஆண்டுகள் நீடித்து, ஏறத்தாழ 3,500 உயிர்களைப் பலிகொண்ட மோதல் தணிந்த வரலாற்றில், எதிரணித் தலைவர்களின் பயணங்களுக்கும் ஓர் இடமுண்டு; ஆயினும் வழித்துணையாக வந்ததால் பகை கரைந்தது என்று பின்னாளில் பரவிய கதை, நிகழ்ச்சிகளின் வரிசையோடு பொருந்துவதில்லை.

பிரிட்டனுடனான இணைப்பைக் காக்க முனைந்தவர்களும் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளுமான ஒன்றியவாதிகளும், ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய, பெரும்பாலும் கத்தோலிக்கரான குடியரசுவாதிகளும், நிறவெறி ஆட்சிக்கு முடிவுகட்டிய பேச்சுவார்த்தையின் பாடங்களைக் கேட்டறிய 1997இல் தென்னாப்பிரிக்காவுக்கு அழைக்கப்பட்டனர். குடியரசுவாதிகளின் ஆயுதக் குழுவான ஐரிஷ் குடியரசுப் படையின் போர்நிறுத்தம் அப்போது முறிந்திருந்தமையால், அதன் அரசியல் முகமாகக் கருதப்பட்ட ஷின் ஃபேன் கட்சியினரோடு சேர்ந்து உண்ணவோ ஒரே அவையில் அமரவோ ஒன்றியவாதிகள் இசையவில்லை. ஆகவே தென்னாப்பிரிக்க அதிபர் நெல்சன் மண்டேலா இரு தரப்பாரிடமும் தனித்தனியே உரையாற்ற வேண்டியதாயிற்று. இனப் பிரிவினையை ஒழித்த நாடே விருந்தினருக்காக இன்னொரு பிரிவினைக்கு ஏற்பாடு செய்ய நேர்ந்தது வரலாற்றின் குறும்பு எனலாம்.

2006 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிரிட்டிஷ், ஐரிஷ் அரசுகள் கூட்டிய பேச்சுவார்த்தை முடிந்த நாள், ஒன்றியவாதிகளுள் கடும்போக்கினரும் மதபோதகருமான இயன் பெய்ஸ்லியின் திருமணப் பொன்விழா நாளாகவும் அமைந்தது. 1690இல் புராட்டஸ்டன்ட் மன்னர் வில்லியம் வெற்றி கண்ட பாய்ன் போர்க்களத்து மரத்தில் செய்த கிண்ணமொன்றை ஐரிஷ் பிரதமர் பெர்ட்டி ஆஹெர்ன் அவருக்குப் பரிசளித்தார். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் தலைவர், அவர்கள் தோற்ற களத்தின் நினைவை எதிர்த்தரப்பார் போற்றும் வகையிலேயே மதித்தளித்த அப்பொருளின் அரசியல் எடை சிறிதன்று.

அப்பேச்சுவார்த்தையின்போது பெய்ஸ்லியும், குடியரசுப் படையின் முன்னாள் தளபதியான மார்ட்டின் மெக்கின்னஸும் ஒரே வாகனத்தில் பயணம் செய்து மனம்விட்டுப் பேசியதாக 2016இல் வெளிவந்த 'த ஜர்னி' என்னும் திரைப்படம் கற்பனை செய்தது. ஆனால் 2007 மார்ச் 26 வரை தாங்கள் வானிலையைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டதில்லை என்று மெக்கின்னஸே கூறியிருக்கிறார். அவ்வாண்டு மே 8 அன்று பெய்ஸ்லி முதலமைச்சராகவும் மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் பதவியேற்று, ஒருவரின்றி மற்றவர் ஆள முடியாத கூட்டு அரசில் பிணைக்கப்பட்ட பின்னரே, டிசம்பரில் முதலீடு தேடி இருவரும் ஒன்றாக அமெரிக்கா சென்றனர்.

பொது மேடைகளில் இருவரும் சிரித்துக்கொண்டே தோன்றியதால் செய்தியாளர்கள் நகைச்சுவை இணையொன்றின் பெயரை அவர்களுக்குச் சூட்ட, அந்த நெருக்கத்தைப் பொறாத தம் ஆதரவாளரின் அதிருப்திக்கு ஆளான பெய்ஸ்லி, 1951இல் தாமே நிறுவிய திருச்சபையின் தலைமையை 2008 ஜனவரியில் துறந்தார்.