இடிபாட்டுக் கற்களால் எழுந்த ஆலயங்கள்

1945ஆம் ஆண்டு பெப்ருவரி 23ஆம் நாள் இரவு, நகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற தென்மேற்கு ஜெர்மானிய நகரமாகிய போர்ட்ஸ்ஹைம் மீது குண்டுகள் வீழ்ந்தன. ஏறத்தாழ இருபதே நிமிடங்களில் 17,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் நடுப்பகுதியில் ஆலயம், அங்காடி, இல்லம் என்ற வேறுபாடின்றி யாவும் கற்குவியலாயின. மூன்றரை ஆண்டுகளுக்குப் பின், 1948 அக்டோபரில், அதே நகரில் ‘உயிர்த்தெழுதல் ஆலயம்’ பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் சுவர்கள் அந்தக் கற்குவியல்களிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்ட கற்களால் ஆனவை. போருக்குப் பின் எழுந்த சீர்திருத்தத் திருச்சபை ஆலயங்களின் வரலாற்றில் இச்சிற்றாலயத்திற்கு உள்ள இடம் பெரிது. ஆயினும் நம் குருமாரில் பலர் இதனை அறியார். கவென்ட்ரிப் பேராலயத்தை அறிந்தவர்கள் இதனையும் அறிவது நன்று.

இதனை வரைந்தவர் ஓட்டோ பார்ட்னிங் (1883–1959). 1928இல் கொலோன் நகரக் கண்காட்சிக்காக எஃகும் கண்ணாடியும் கொண்டு ஓர் ஆலயத்தை அமைத்து உலகின் கவனத்தை ஈர்த்தவர் அவர். பின்னர் எசன் நகருக்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்ட அவ்வாலயமும் போரில் அழிந்தது. எஃகும் கண்ணாடியும் கிடைக்காத நாள்களில், அறுபது வயதைக் கடந்த அவரிடம் ஜெர்மானிய நற்செய்தித் திருச்சபையின் துயர்துடைப்புப் பணியகம் ஒரு பொறுப்பை ஒப்புவித்தது: ஆலயமிழந்த சபைகளுக்குக் குறைந்த செலவில், விரைவில், ஆயினும் நிலைத்து நிற்கத்தக்க ஆலயங்கள் வேண்டும்.

அவர் கண்ட வழி எளியது. தொழிற்கூடத்தில் முன்னரே செய்யப்பட்ட மரச் சட்டங்கள் வந்து சேரும். இருபுறமிருந்தும் வளைந்தெழும் இரு பாதிச் சட்டங்கள் உச்சியில் ஒன்றையொன்று சந்திக்கும். கூரையின் பாரம் முழுவதையும் அவையே தாங்கி நிலத்திற்கு இறக்கும். ஆகவே சுவர் எதையும் சுமக்க வேண்டியதில்லை. இடத்தை அடைத்து நின்றால் போதும். இங்கேதான் அவருடைய மதிநுட்பத்தைக் காண்கிறோம். சுமை தாங்காத சுவரை, தேர்ந்த கொத்தரல்லாதவர்களும், ஒரே அளவில்லாத உடைந்த கற்களைக் கொண்டு எழுப்பலாம். மனைவியை இழந்தவனும் மகனை இழந்தவளும் தங்கள் தெருவின் கற்களைத் தேடியெடுத்து, ஒட்டியிருந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடுக்கினர். எரிந்த மண்மேட்டிலிருந்து கற்களை உயிர்ப்பிக்க முயன்ற நெகேமியாவின் ஜனத்தை இங்கு நினையாதிருக்க இயலுமோ?

பொருளுதவி எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்க வேண்டும். 1947இல் லுண்ட் நகரில் உருவான லுத்தரன் உலக சம்மேளனமும், ஜெனீவாவை மையமாகக் கொண்டிருந்த உலகத் திருச்சபைகளின் மாமன்றமும், அமெரிக்க, சுவிஸ் சபைகளும் உதவின. ஓர் ஆலயத்திற்கு ஏறத்தாழ 10,000 டாலர் என்பது கணக்கு. கொடுத்தவர்களில் பலர் நேற்றுவரை பகைநாட்டார். 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மானியத் திருச்சபைத் தலைவர்கள் தங்கள் குற்றத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டிராவிடில், இவ்வுறவு இத்துணை விரைவில் திரும்பியிராது என்பது என் துணிபு. வந்த கொடை சட்டத்தையும் கூரையையும் தந்தது. அடித்தளமும் சுவரும் சபையாரின் பங்கு. கொடையாளர் முழுக் கட்டடத்தையும் கட்டிக் கையளிக்கவில்லை என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

முதலில் 48 ஆலயங்கள் கருதப்பட்டன. 1953க்குள் 43 எழுந்தன. பெர்லின், ரோஸ்டாக் முதலிய இடங்களிலும் அவை உண்டு. எனவே நாடு பிளவுண்ட பின் எல்லையின் இருபுறமும் ஒரே குடும்பத்து ஆலயங்கள் நின்றன. ஜெர்மன் மொழியில் இவற்றுக்கு வழங்கும் பெயரை ‘இடுக்கண்கால ஆலயம்’ எனலாம். தற்காலிகக் கொட்டகை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவற்றுள் மிகப் பல இன்றும் வழிபாட்டில் உள்ளன. உள்ளே நின்று பார்ப்பவருக்கு மரச் சட்டங்கள் கூடாரத்தின் கழிகளைப் போலவும், பூசப்படாத கற்சுவர் அதனைச் சூழ்ந்த வேலியைப் போலவும் தோன்றும்.

கூடாரம் என்றவுடன் என் நினைவு நம் திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கம் திரும்புகிறது. 1854இல் வட திருநெல்வேலியில் சுற்றுப்பிரயாண ஊழியத்தைத் தொடங்கிய ராக்லாந்து ஐயர், பென், மெடோஸ் ஆகியோருடன் ஊருக்கு ஊர் கூடாரமடித்தே தங்கினார். 1858இல் சிவகாசியில் அவர் மரித்தபோது அவர் விட்டுச்சென்றது கோபுரமன்று. தெற்கே மெஞ்ஞானபுரத்தில் எழுந்ததோ ஜான் தாமஸ் ஐயரின் பேராலயம். வானளாவிய அதன் கோபுரமே பிற்காலத்தில் நம் கிராமச் சபைகளின் கனவாயிற்று. அக்கனவைக் குறை கூற நான் துணியேன். பனையோலைக் கொட்டகையில் கூடியவர்களுக்கு, ஊர் காண உயர்ந்த கோபுரம் தங்கள் மதிப்பின் அடையாளமாயிருந்தது. ஆயினும் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கல்லையும் உத்திரத்தையும் ஏலத்தில் விற்றுவிட்டு, எஞ்சிய தொகைக்கு வெளிநாட்டு நண்பருக்குக் கடிதம் எழுதும் சபைகளைக் காணும்போது மனம் கலங்குகிறது. பாட்டனார் சுமந்த கல் எந்த வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று என்று கேட்பாரும் இல்லை.

போர்ட்ஸ்ஹைம் சபையாரிடம் விற்பதற்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய சுவரில் ஒரு கல் பழைய ஆலயத்தினுடையதா, அண்டை வீட்டினுடையதா என்று இன்று பிரித்துக் காட்ட ஒருவராலும் இயலாது.