மூன்று தலைக்கு ஒரு பென்னி

1424-இல் ஸ்காட்லாந்து அரசன் முதலாம் ஜேம்ஸின் நாடாளுமன்றம் ரூக் காக்கைகளுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டது. தோட்டத்து மரத்தில் அவை கூடு கட்டினால், குஞ்சுகள் பறந்து போகாமல் தடுப்பது மரத்துக்குரியவரின் பொறுப்பு. மே மாதத் தொடக்கத்தில் வரும் பெல்டேன் திருநாளுக்குள் குஞ்சுகள் பறந்துவிட்டால் மரம் அரசனுக்குப் போகும். 5 ஷில்லிங் தண்டமும் உண்டு. ரூக் என்பது நம் அண்டங்காக்கையைப் போலவே கருத்த பறவை. அலகின் அடியில் இறகில்லாமல் வெளுத்திருக்கும் தோலை வைத்து அதை அடையாளம் காணலாம். உயரமான மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். உழுத மண்ணைக் கிளறிப் புழுக்களையும் தின்னும், விதைத்த தானியத்தையும் பொறுக்கும். இந்தச் சட்டம் தொடங்கி ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக, காக்கையைக் கொன்றால் பயிர் பிழைக்கும் என்று பிரிட்டனில் அரசும் உழவரும் நம்பினார்கள். கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. பயிர் பிழைத்த இடங்களில் அதைப் பிழைக்க வைத்தது காவல்தான்.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-இல், இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. பத்துக் குடும்பத்துக்குக் குறையாத ஒவ்வோர் ஊரும் காக்கை பிடிக்க ஒரு வலையைப் பத்தாண்டுக் காலம் பொதுவில் வைத்துப் பராமரிக்க வேண்டும். தரையில் உமியும் பதரும் பரப்பி, அதைக் கிளற வரும் பறவைகளின் மேல் வலையை இழுத்து மூடுவார்கள். இந்தச் சட்டத்தின் முகவுரை கவனித்துப் படிக்க வேண்டிய ஒன்று. காக்கையால் வரும் சேதம் விதைக்கும்போதும் கதிர் முற்றும்போதும் நேர்கிறது என்று அதுவே சொல்கிறது. கூரை வைக்கோலைப் பிய்ப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. ஆக, எந்த நேரத்தில் ஆபத்து என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர்கள் கேட்ட கணக்கு நேரத்தைப் பற்றியதாக இல்லை. பன்னிரண்டு காக்கைக்கு இரண்டு பென்னி என்று பிணத்துக்கு விலை வைத்தார்கள். 1566-இல் முதலாம் எலிசபெத்தின் தானியக் காப்புச் சட்டம் இதையே ஊருக்கு ஊர் ஒரு நிர்வாகமாக ஆக்கியது. தேவாலயப் பொறுப்பாளர்கள் நிலம் வைத்திருப்பவர்களிடம் வரி திரட்டினார்கள். முதிர்ந்த காக்கையின் தலை மூன்றுக்கு ஒரு பென்னி, குஞ்சின் தலை ஆறுக்கு ஒரு பென்னி, உடையாத முட்டை ஆறுக்கு ஒரு பென்னி. அதே தலைக்கு இரண்டாம் முறை காசு வாங்கிவிடக் கூடாது என்பதால், கொண்டுவந்தவற்றை அவர்கள் கண்முன்பே எரிக்கவோ வெட்டிச் சிதைக்கவோ வேண்டும்.

விளைச்சல் பொய்த்தால் பட்டினி என்றிருந்த காலத்து மக்களை இன்றைய வசதியிலிருந்து குறை சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுடைய அச்சம் உண்மையானது. ரூக் தானியம் தின்பதும் உண்மை. நான் கேட்பது, எடுத்த வழி அந்த அச்சத்தைத் தீர்த்ததா என்பதுதான். இதற்குத் தெளிவான விடை 1960-களில் அதே ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அபர்தீன் பல்கலைக்கழகத்தின் டன்னெட், பேட்டர்சன் ஆகியோர் வடகிழக்குப் பகுதியில் ரூக்குகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மே மாதத்தில், கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்து இன்னும் சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சுகளைச் சுடுவது அங்கே நெடுநாள் வழக்கம். அப்படிச் சுட்டதால் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம் மண்ணில் இருந்தது. கோடையில் நிலம் காய்ந்து இறுகும்போது புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். இளம் பறவைகளில் பல பசியால் சாகும். வேட்டைக்காரர் மே மாதத்தில் சுட்டவற்றில் பெரும்பாலானவை ஜூனிலும் ஜூலையிலும் எப்படியும் சாக இருந்தவை. 1424-இன் சட்டம் குறிவைத்ததும் இதே குஞ்சுகளைத்தான். கடல் கடந்தும் இதே கதைதான்: அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1934 முதல் 1945 வரை காக்கைகள் இரவில் அடையும் இடங்களில் வெடி வைத்துச் சுமார் 38 லட்சம் பறவைகளைக் கொன்றார்கள். அவ்வளவு பெரிய கொலையும் காக்கைகளின் மொத்த எண்ணிக்கையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

கொன்று ஒழிக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. நம் செம்பருந்தைப் போன்ற சிவப்புப் பருந்தும் 1566-இன் சட்டம் விலை வைத்த உயிர்களின் பட்டியலில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது அற்றுப்போனது. ஆனால் அங்கே பொறியும் நஞ்சும் துப்பாக்கியும் வளர்ந்த பறவைகளையே ஆண்டு முழுவதும் விரட்டிக் கொன்றன. ரூக்கை அந்த அளவுக்குத் துரத்தினால், பயிரின் வேரைக் கெடுக்கும் புல்வேர்ப் புழுவையும் கம்பிப்புழுவையும் தின்னும் ஒரு பறவையை உழவரே இழக்க நேரும்.

காவல் வேலை வேறு வகை. விதை முளைவிட்டு வேரூன்றும் சில வாரங்களுக்குப் பறவையை வயலில் இறங்கவிடாமல் தடுத்தால் போதும். அது உயிரோடு இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் சிறுவர்கள். நம் ஊர்த் தினைப்புனத்தில் பறவை விரட்டும் தட்டை என்ற கருவியைப் போல, கைப்பிடியில் மரத்துண்டுகளைக் கட்டி, தட்டி ஓசை எழுப்பியபடி விடியலிலிருந்து இருட்டும்வரை வரப்பில் நடப்பார்கள். 1826-இல் வார்விக்ஷயரின் பார்ஃபோர்டில் பிறந்த ஜோசப் ஆர்ச் ஒன்பது வயதில் இந்த வேலைக்குப் போனார்: பன்னிரண்டு மணி நேரத்துக்கு நாலு பென்னி. அவர்தான் பின்னாளில் 1872-இல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டி, 1885-இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். இந்தக் காவலைப் புகழ்வது குழந்தை உழைப்பைப் புகழ்வதாகாதா? ஆகக் கூடாது. அந்த மலிவான கூலிக்கு விலையாகப் போனது பிள்ளைகளின் படிப்பு. 1880-இல் பள்ளி கட்டாயமானது சரியான முடிவு. வருத்தம் என்னவென்றால், சிறுவர்கள் வரப்பைவிட்டுப் போன பிறகும் அந்த இடத்துக்குப் பெரியவர்களை நல்ல கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று சட்டம் நினைக்கவில்லை. துப்பாக்கியே மலிவாகத் தெரிந்தது.

2019 ஏப்ரலில், ரூக் உள்ளிட்ட 16 வகைப் பறவைகளைத் தனி அனுமதி கேட்காமல் கொல்ல இடம்தந்த மூன்று பொது உரிமங்களை, நீதிமன்றத்தில் எழுந்த எதிர்ப்பால் இங்கிலாந்தின் இயற்கை வாரியம் திரும்பப் பெற்றது. பல உழவர்கள் கொதித்தார்கள். விதைப்புக் காலத்தில் அது நடந்ததால் அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வாரங்களுக்குள் உரிமங்கள் மாற்றி எழுதப்பட்டு மீண்டும் வந்தன. இனிமேலாவது இப்படிப்பட்ட உரிமம் எழுதுகிறவர்கள் எத்தனை பறவை செத்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, விதைத்ததில் எத்தனை முளை தப்பியது என்று வயலில் இறங்கி எண்ணிப் பார்க்க வேண்டும்.